கிருத்திகா பேரில் கனெக்‌ஷன்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், பவுடர் கோட்டிங் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகள். ஒரே கேட், ஒரே போர்வெல் மோட்டார், ஒரே வைஃபை. மோட்டாரைப் போட்டு நிறுத்துவது என் வேலை. கேட்டைப் பூட்டுவது வீணா. குப்பை வண்டியின் பாட்டு கேட்டதும் ஓடுவது வெங்கி. வைஃபை மட்டும் கோவிந்தராஜன் மகள் கிருத்திகா பேரில் இருந்தது. அது ஏன் அந்தப் பெண் பேரில் போனது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். பரவாயில்லை, சொல்லித் தொலைக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கனெக்‌ஷன் கொடுக்க வந்த ஆள் பெங்களூர் விலாசத்தில் ஒரு ஆதார் கேட்டான். நான்கு வீட்டிலும் தேடினால் ஆதார் இருக்கிறது, விலாசம்தான் இல்லை. கோவிந்தராஜனும் அவர் மனைவி உஷாவும் போளூர் பக்கத்து ஆட்கள். இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் ஆதாரில் போளூர்தான். "மாத்தினா ஊர் ரேஷன் கார்டுல பேரை அடிச்சிடுவாங்கண்ணா. பொங்கலுக்குக் குடுக்கிற கரும்பும் சேலையும் போயிடும்" என்பாள் உஷா. வீணா வாணியம்பாடி. கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. அவளுக்கும் அதே கரும்பு, அதே சேலை. வெங்கி ஆரணி. ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பிரின்டர் சரிசெய்கிறவன். இந்த ஊரில் பிறந்து, கன்னட மீடியத்தில் படித்து, முழுசாகப் பெங்களூர் ஆதார் வைத்திருந்தது பெரியவர்களில் நான் ஒருத்தன்தான்.

"என் ஆதார்ல பழைய நம்பர் இருக்குப்பா, ஓ.டி.பி. வராது" என்றேன். சுத்தப் பொய். ஓ.டி.பி. நன்றாகவே வரும். நாலு வீட்டுக் காரியத்துக்கு என் பேரை எதற்குக் கொடுக்க வேண்டும் என்ற கெட்டிக்காரத்தனம். காலேஜ் சேருவதற்காக அந்த வருஷம்தான் விலாசம் மாற்றியிருந்த கிருத்திகா, "என்து இருக்கே மாமா, என் பேர்ல போட்டுக்கோங்க" என்று ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்தாள். எல்லோரும் அவளைச் சமத்து என்றோம். நானும் சொன்னேன்.

போலீஸ்காரர் வந்தது மார்கழி மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை. பீன்யாவின் குளிர் வேறு மாதிரி இருக்கும். பனியோடு ஆசிட் நெடியும் பெயின்ட் நெடியும் இறங்கி வரும். உஷா அப்போது சப்பாத்தி வேலையை முடித்திருந்தாள். பக்கத்து வால்வு ஃபேக்டரி கேன்டீனுக்குத் தினம் முந்நூறு சப்பாத்தி அவள் பொறுப்பு. விடிவதற்குள் மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு அடுப்பில் இரண்டு கல் போட்டு, ஒரு கையால் தேய்த்து மறு கையால் திருப்பிப் போடுவாள். எட்டரைக்கு ஆட்டோ வந்து டப்பாவை ஏற்றிக்கொண்டு போனதும்தான் அவள் உட்காருவாள். உட்கார்ந்தாலும் கை சும்மா இருக்காது. அன்று முற்றத்தில் ஒரு முறம் அவரைக்காய். உரித்த கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கிப் பிதுக்கிப் பருப்பை மட்டும் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள் தாயும் மகளும்.

"கிருத்திகா அந்த்ரெ யாரம்மா?"

கேட்டருகே நின்று கன்னடத்தில் விசாரித்த கான்ஸ்டபிள் கையில் ஒரு தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு, தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். உஷா தாளை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். கன்னடம் பேசுவாள், சண்டையே போடுவாள். படிக்க மட்டும் வராது.

"சந்தானம் அண்ணா, இது இன்னான்னு பாருங்க. பொண்ணு வேலைக்குப் போலீஸ் சர்டிஃபிகேட் கேட்டிருந்தாங்க இல்ல, அதுவா? அவளைப் படிக்கச் சொன்னா பேயறைஞ்ச மாதிரி நிக்கறா."

கிருத்திகாவுக்கு ஒரு பெரிய கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஜனவரி பதினேழில் சேர வேண்டும். போலீஸ் சர்டிஃபிகேட் ஒன்றுதான் பாக்கி. தாளைப் படித்தேன். இரண்டாவது தடவையும் படித்தேன்.

"அது இல்ல உஷா. சைபர் கிரைம் ஸ்டேஷன்லருந்து வந்திருக்கு. ஒரு புதுப்படத்தைத் திருட்டுத்தனமா டவுன்லோடு பண்ணி ஊருக்கெல்லாம் பரப்பினாங்களாம், நம்ம வைஃபைலருந்து. படக் கம்பெனி புகார் குடுத்திருக்கு. கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க திங்கக்கிழமை வந்து விளக்கம் எழுதித் தரணுமாம்."

படத்தின் பேரையும் தேதியையும் சொன்னேன். கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு.

அந்த ஞாயிறு எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. வீணா வீட்டுப் பெரிய டிவியில் பென்ட்ரைவைச் செருகி, நான்கு வீடும் சேர்ந்து அந்தப் படத்தைத்தான் பார்த்தோம். அவித்த வேர்க்கடலை நான் வாங்கி வந்தது.

"பார்த்தது நாம எல்லாரும்தான்" என்றாள் உஷா. "பரப்புனது எவன்?"

அன்று மாலை கோவிந்தராஜன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முற்றத்தில் பேச்சு கூடியது. பவுடர் கோட்டிங்கில் அவருக்கு ஸ்ப்ரே கன் வேலை. ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவிய இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டி அனுப்புவார்கள். இவர் அவற்றின் மேல் பவுடரை அடித்து அடுப்புக்குள் தள்ள வேண்டும். எந்த ஆர்டரோ அந்த நிறத்தில்தான் வீட்டுக்கு வருவார். அந்த வாரம் நீலம். காது மடலில், புருவத்தில், நகக்கண்ணில் எல்லாம் நீலம். பெரிய கவலையில் இருக்கிற மனிதரைப் பார்த்தால் சிரிப்பு வரக்கூடாது. எனக்கு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நான்தான் பண்ணேன்னு சொல்லிடட்டுமா அண்ணா?" என்று என்னைக் கேட்டார். "எனக்கென்ன, போலீஸ் சர்டிஃபிகேட்டா வேணும்?"

"போன்ல அலாரம் வைக்கறதுக்கே பொண்ணைக் கூப்பிடுற ஆளு நீ" என்றாள் உஷா. "எப்படிய்யா டவுன்லோடு பண்ணேன்னு கேட்டா இன்னா சொல்லுவ? ஸ்ப்ரே கன்னால அடிச்சேன்னு சொல்லுவியா?"

"அப்ப யாரு பண்ணதுன்னு அவங்களே வந்து சொல்லட்டும்."

"சொல்லுவாங்களா? எல்லாரும் வாயில கொழுக்கட்டையை வச்சிக்கினு நிக்கறாங்களே."

உஷா திரும்பி வெங்கியைப் பார்த்தாள். எல்லோருமே வெங்கியைத்தான் பார்த்தோம். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எதுவானாலும் எங்களுக்கு வெங்கிதான். அவனுக்குத் தெரிந்தது பிரின்டரில் மாட்டிய பேப்பரை உருவுவது என்றாலும் எங்களுக்கு அதெல்லாம் ஒன்றுதான்.

"பென்ட்ரைவ் என்துதான் அக்கா" என்றான் வெங்கி. "படம் நான் போடல. மோட்டார் சுவிட்ச் பக்கத்துல ஆணில தொங்கிக்கினு இருக்கு. யாரு வேணா எடுக்கறாங்க, யாரு வேணா எதையாவது போட்டு மாட்டறாங்க. நான் அன்னிக்குக் காலையில கஸ்டமர் ஆபீஸுக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குத்தான் வந்தேன்."

"நீ போடலைன்னா ஆணியா போட்டுச்சு?"

"எதுக்கு அக்கா அவனையே புடுங்குறீங்க?" என்றாள் வீணா. "எங்க வீட்டுக்காரர் கூடத்தான் அதுல கேம் இறக்கி வைக்கறாரு. கேம்தான், படம் இல்ல. எங்க பொண்ணு ரக்‌ஷா கார் ஓட்டறதுக்கு."

"கேமும் திருட்டு கேம்தானே?"

"உங்க பொண்ணும்தானே அதுல சீரியல் பார்த்தா?"

கிருத்திகா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப் போயிருந்தது. பயம் என்று நினைத்தேன். பயம்தான், ஆனால் நான் நினைத்த பயம் இல்லை. அந்தப் படத்தை இறக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நான் சொன்னது நிஜம். அதற்காக வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உஷா எழுந்து புடவையை உதறினாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கு எல்லாரும் வாங்க. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க. வராதவன் பண்ணான்னு வச்சிக்கிறேன். எம் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தவன் கை விளங்காம போகட்டும். அவன் பெத்தவ வயிறு எரியட்டும், என் வயிறு எரியற மாதிரி."

அடுத்த இரண்டு நாளும் முற்றத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. உஷா வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெங்கிக்குத் தினமும் கொடுக்கிற நான்கு சப்பாத்தி நின்றது. அவன் வீணா வீட்டுக்காரர் பாஸ்கரனை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரியாதவன். காலையில் வழக்கம்போல எல்லா வீட்டுக் குப்பையையும் எடுத்துக்கொண்டு ஓடினான். உஷா வீட்டுக் குப்பையையும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை தெருமுனைக் கோயிலுக்கு எல்லோரும் போனோம். கோவிந்தராஜன் மட்டும் செகண்ட் ஷிஃப்டில் இருந்தார். பூசாரி முதலில் முடியாது என்றார். பிறகு உஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்து நீட்டினார். அங்கே போன பிறகுதான் புதுச் சிக்கல் வந்தது.

"படம் பார்க்கலைன்னு சத்தியம் பண்ணச் சொன்னா என்னால ஆகாது" என்றாள் வீணா. "என் வீட்டு டிவில பார்த்துட்டு இங்க வந்து நான் கண்ணை இழந்துக்கணுமா?"

"பார்த்ததுக்கு இல்ல. அந்தப் படத்தை இறக்குனது நான் இல்லைன்னு சொல்லு. அது போதும்."

"அந்தப் படம்னு பேரைச் சொல்லிச் சொல்லணும். மத்த படத்துக்கெல்லாம் சேர்த்து ஆத்தா எடுத்துக்கக் கூடாது."

இது மட்டும் வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். வெங்கி முதலில் வந்தான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். "நான் இறக்கலை ஆத்தா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். அடுத்து வீணா. அவள் வீட்டுக்காரர். அப்புறம் நான். உள்ளங்கை சுட்டது. பொய் சொல்லாத கையும் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க வீட்லயும் பண்ணிடுங்க அக்கா, ஒரு பேச்சுக்கு" என்றாள் வீணா. "கிருத்தி, நீ வா."

கிருத்திகா கோயிலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "எனக்கு இன்னிக்கு ஆகாது ஆன்ட்டி. உள்ள வரக்கூடாது" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

உஷா மகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்து, புதுக் கற்பூரம் வைத்து, தானே கொளுத்தினாள். "எங்க வீட்டுக்குச் சேர்த்து நான் அடிக்கிறேன். எங்க வீட்ல யாரும் பண்ணல" என்று அடித்தாள். அடித்த கையை எடுக்க நேரம் ஆனது. பூசாரிதான் தட்டைப் பிடித்து இழுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உஷா ஒரு கிண்ணத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்போடு வந்தாள். கையில் துணி சுற்றியிருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"அண்ணா, அவளுக்குப் போன வாரம்தான் ஆச்சு. பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், கோயிலுக்கு வெளியே தலையைக் குனிந்து நின்ற பெண் கண்முன் வந்தாள்.

"ராத்திரி கேட்டேன். அழறா. நான்தான் எல்லாரும் பார்த்துட்டாங்க, நாம பார்க்கலன்னு நச்சரிச்சேனாம். அம்மா கேட்டாளேன்னு இறக்கினாளாம். இறக்கும்போதே அது நம்ம கம்ப்யூட்டர்லருந்து மத்தவங்களுக்கும் போய்க்கினே இருக்குமாமே? அது அவளுக்கே தெரியலையாம். மூடாம ரெண்டு நாள் விட்டிருக்கா."

"தெரியாம பண்ணதுன்னு சொல்லிப் பார்க்கலாம் உஷா."

"சொன்னா விட்டுடுவாங்களா? வேலை குடுப்பாங்களா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "வெங்கி பேரை எழுதட்டும்ணா. பென்ட்ரைவ் அவன்துன்னு அவனே சொல்லிட்டான். தனி ஆளு. ஆம்பளப்பையன். இந்த வேலை போனா வேற வேலைக்குப் போவான். பொண்ணுக்கு அப்படியா? நாளைக்கு நீங்கதான் கூட வரணும். கன்னடத்துல எழுதுறதை நீங்க பார்த்துச் சொல்லணும்."

"அவன் கற்பூரம் அடிச்சான் உஷா."

"நானும்தான் அடிச்சேன்" என்றாள். "எனக்கு வர்றது வரட்டும். அவளுக்கு வரக்கூடாது."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓ.டி.பி. வராது என்று சொன்ன அதே வாய், சரி என்றது.

திங்கட்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் கான்ஸ்டபிள் ஒருத்தரைத்தான் கூட விடுவேன் என்றார். "நீங்க போங்கண்ணா, நீங்கதான் படிப்பீங்க" என்று உஷா என்னைத் தள்ளிவிட்டு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் காதில் ஏதோ சொன்னாள். கிருத்திகா தலையாட்டினாள்.

உள்ளே எஸ்.ஐ. சுதீர் என்பவர். நாற்பது வயசு இருக்கும். ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"பாரும்மா" என்றார் கன்னடத்தில். "வீட்ல உட்கார்ந்து பார்த்ததைக் கேட்டு யாரும் என்கிட்ட வரல. உங்க கனெக்‌ஷன்லருந்து நானூத்திச் சொச்சம் பேருக்குப் போயிருக்கு. கம்பெனிக்காரங்க லிஸ்டோட குடுத்திருக்காங்க. ருசுவானா ஆறு மாசத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் போகும். எத்தனை வீடு உபயோகிக்கிறீங்க?"

"நாலு வீடு சார்" என்றேன் நான்.

"நாலு வீட்ல யாருன்னு எழுதுங்க. யார் பேரை எழுதுறீங்களோ அவங்க வீட்டுக்கு இன்னிக்கே ஆள் போகும். கம்ப்யூட்டர், போன் எல்லாம் எடுப்போம். ரெண்டு காப்பி எழுதுங்க. ஒண்ணுல ஸீல் போட்டுத் தர்றேன்."

தாளும் பேனாவும் கிருத்திகா கைக்குப் போயின. அவள் கன்னட எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறாள். விலாசம் எழுதினாள். தேதி எழுதினாள். அப்புறம் பேனா நின்றது.

"மாமா, வெங்கி அண்ணா இன்னிக்கும் எங்க வீட்டுக் குப்பையை எடுத்துக்கினு போனாரு" என்றாள் தமிழில், மெதுவாக.

"அம்மா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

அவள் எழுத ஆரம்பித்தாள். 'அந்தத் தேதியில் அந்தப் படத்தை என் லேப்டாப்பில் இறக்கியது கிருத்திகா ஆகிய நான்தான். மற்ற மூன்று வீட்டாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. அது பிறருக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது.' நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். தடுத்திருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று தோன்றியது. இரண்டாவது காப்பியையும் பிழையில்லாமல் எழுதினாள்.

எஸ்.ஐ. படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமா?"

"நிஜம் சார்."

"என்ன படிச்சிருக்கே?"

"பி.காம். சார். வேலை கிடைச்சிருக்கு. போலீஸ் சர்டிஃபிகேட் கேட்டிருக்காங்க."

அவர் ஸீலைத் தேடினார். "சாயங்காலம் லேப்டாப்புக்கு ஆள் வரும். கேஸா இல்லையான்னு மேல இருக்கிறவங்க சொல்லணும். அதுவரைக்கும் இந்த சர்டிஃபிகேட் எல்லாம் கேட்காதேம்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்த மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

வெளியே வரும்போது, "அம்மாகிட்ட நானே வீட்ல சொல்லிக்கிறேன் மாமா. அப்பா வந்ததும். இங்க ரோட்ல வேணாம்" என்றாள் கிருத்திகா.

உஷா பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள். "அடிச்சாங்களா? திட்டினாங்களா?" என்றாள். இல்லை என்றதும் தாளை வாங்கி விரித்துப் பார்த்தாள். தூறல் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"எழுதிட்டாளாண்ணா?"

"எழுதிட்டா."

"பேரு போட்டாளா?"

"போட்டா."

"எங்க இருக்கு, காட்டுங்க."

மூன்றாவது வரியில், கிருத்திகா என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தேன்.

உஷா துணி சுற்றிய கையால் அந்தப் பேரை ஒருமுறை தொட்டாள். பெருமூச்சு விட்டாள். இத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. மகள் பக்கம் திரும்பவில்லை, என்னைப் பார்த்தே கேட்டாள்.

"அவனைப் பெத்தவளுக்கு இன்னும் தெரியாது இல்லண்ணா? புள்ளை நல்லா இருக்குன்னு நெனச்சிக்கினு எங்கயோ நிம்மதியா நின்னுக்கினு இருப்பா, பாவம்."

"ஆமா உஷா" என்றேன். "இன்னும் தெரியாது."